கம்பெனி செய்த குற்றம்

அரிகிருஷ்ணன் ஜெயிலுக்குப் போவார் என்று மேற்குத் தாம்பரத்தில் பாதிப் பேர் எதிர்பார்த்தார்கள். மீதிப் பேர் ஆசைப்பட்டார்கள்.

காரணம் இருந்தது. இடிக்கக் கூடாது என்று அரசாங்கம் பாரம்பரியப் பட்டியலில் வைத்திருந்த பழைய பங்களாவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அவருடைய கட்டுமான கம்பெனி ஜேசிபி விட்டுத் தரைமட்டமாக்கிவிட்டது. அந்த இடத்தில் அடுக்குமாடி எழுப்பத் திட்டம்.

வழக்கு வந்ததும் வக்கீல் ஜெர்சன்தான் வழி சொன்னார். சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது தனி ஆள். முதலாளிக்குத் தெரியாமல் கம்பெனி இடித்துவிட்டால் முதலாளி என்ன செய்வார், பாவம்?

அரிகிருஷ்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இடித்த அன்றைக்குத் தான் திருப்பதியில் இருந்ததாகக் கோர்ட்டில் எழுதியே கொடுத்தார். டீக்கடையில் கேட்டாலும் கல்யாண வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அது கம்பெனி செஞ்சதுங்க. கம்பெனி வேற, நான் வேற."

ஆனால் கூண்டில் ஏறி நிற்கக் கம்பெனிக்குக் கால் கிடையாதே? பேருக்கு டைரக்டராகப் போட்டு வைத்திருந்த மனைவி கோகிலவாணியை ஏற்றினார். பெண் என்றால் ஜட்ஜ் இரக்கப்படுவார் என்று கணக்கு. குற்றத்தை மறுக்கிறோம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போகும் வழி முழுக்கக் காரில் பாடம் நடத்தினார்.

ஜட்ஜ் கேட்டார். கோகிலவாணி கைகூப்பினாள்.

"கம்பெனி குற்றத்தை ஒத்துக்குதுங்க ஐயா."

கடைசி பெஞ்சிலிருந்த அரிகிருஷ்ணன் துள்ளி எழுந்தார்.

மதியமே தீர்ப்பு. அபராதம் போக, அதே பங்களாவை அதே இடத்தில், பழைய படங்களைப் பார்த்து, கம்பெனி தன் செலவில் திரும்பக் கட்ட வேண்டும்.

கட்டின புருஷனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாயே என்று அரிகிருஷ்ணன் கோர்ட் வராந்தாவில் புலம்பித் தீர்த்தார்.

"கம்பெனிதானே கட்டப்போகுது. உங்களுக்கு என்னங்க?"

"கம்பெனி காசுன்னா அது என் காசு இல்லையா?"

கோகிலவாணி செல்போனை எடுத்து நீட்டினாள். பங்களாவுக்கு எதிர்வீட்டு சரளா மாடியிலிருந்து எடுத்த வீடியோ. தெருவிளக்கு வெளிச்சத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா, வா, அப்படியே லெஃப்ட்ல தள்ளு" என்று ஜேசிபிக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார், திருப்பதியில் இருந்த அரிகிருஷ்ணன்.

அவர் அவசரமாக வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கம்பெனி மறுத்தா இதைக் கோர்ட்டுல கொடுக்கப்போறேன்னு சரளா அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனியை ஜெயில்ல போட முடியாதுங்க. உங்களைப் போட முடியும்."