ஐந்து முடிச்சு ஈரம்

தெருக்குழாயைத் திறந்து, கயிற்றில் ஐந்து முடிச்சு நனைகிற வரைக்கும் பிடித்திருந்தாள் சென்னியம்மாள்.

குடத்தோடு காத்திருந்த குப்பாயிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனக்கா, கயித்துக்கும் தலைக்குத் தண்ணி ஊத்தித்தான் கூட்டிட்டுப் போவீங்களாட்ட இருக்குது."

"சேறு ஒட்டிக்கிச்சு" என்றாள் சென்னியம்மாள்.

சேறு ஒட்டியிருந்தால் அவள் அந்தச் சேற்றையே கண்ணில் ஒற்றியிருப்பாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் அதே கயிறு கூட்டுக் கிணற்றில் எண்பது அடிக்கு இறங்கியது. நுனியில் கட்டிய கல் அடிப்பாறையில் டொக்கென்று முட்டியது. கயிறு காய்ந்தபடியே மேலே வந்தது.

அவள் நீர்வடிப்பகுதிக் குழுவில் உறுப்பினர். பெய்கிற மழையையும் கரைகிற மண்ணையும் ஊருக்குள்ளேயே நிறுத்துவதற்காக ஏற்படுத்திய குழு. மாதம் பிறந்தால், அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டு அளப்பது அவள் பொறுப்பு. எட்டிப் பார்த்தால் இருட்டுதான் தெரியும். கயிறு சொன்னால்தான் உண்டு.

குழுவில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நனைந்த கயிற்றை முதலில், கிணறு ஊறுவதற்காகக் குட்டை வெட்ட நிலம் கொடுத்தவரிடம் காட்ட வேண்டும். பதிவேட்டில் எழுதுவதெல்லாம் அதற்கப்புறம்.

நிலம் கொடுத்தவர் காளியண்ணன். இருபத்தெட்டு வருசம் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் வண்டியில் போய் ஊர் ஊராகத் துளை போட்டவர். துளையிலிருந்து வருகிற கல்மாவை மோந்து பார்த்தே, தண்ணீர் இன்னும் எத்தனை அடி என்று சொல்லிவிடுவாராம். சென்னியம்மாள் மூன்று தடவை நடையாய் நடந்து கேட்டதும், "நான் போட்ட ஓட்டைக்கெல்லாம் ஒரு குழியாச்சும் வெட்டிட்டுப் போறேன், போ அம்மிணி" என்று சிரித்தபடி, தனக்கிருந்த நிலத்தில் பாதியைக் கொடுத்தார்.

குட்டை நிரம்பியது. கிணறு நிரம்பவில்லை. நின்ற தண்ணீரைச் சுற்றுவட்டத்து ஆயிரமடிப் போர்கள் இழுத்துக்கொண்டன. அவற்றில் பாதி காளியண்ணனின் வண்டி போட்டவை.

ஆவணியில் காய்ந்த கயிற்றைத்தான் கொண்டுபோய்க் காட்டினாள். பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்த மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

புரட்டாசியில் முதல் தடவையாகக் குழாயடியில் நின்றாள். ஒரே ஒரு முடிச்சு. அந்த ஈரத்தால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். பதிவேட்டில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: வறண்டது.

அப்புறம் மாதத்துக்கு ஒரு முடிச்சு கூடியது. இது தை.

கட்டிலில் கிடந்தபடியே காளியண்ணன் இடது கையை நீட்டிக் கயிற்றை வாங்கினார். கண்ணில் ஒற்றினார். முகத்தோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மாதா மாதம் அப்படித்தான் செய்வார், விபூதியை வாங்குகிற பக்தியோடு. அந்த நேரத்தில் சென்னியம்மாள் கூரையைப் பார்த்துக்கொள்வாள்.

காளியண்ணனின் மருமகள் அறிவுச்செல்வி மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த அவசரத்திலும் குனிந்து எண்ணினாள்.

"அஞ்சுங்களாக்கா? அப்ப வெங்காயம் நட்டுப்புடலாமுங்க. அவரை வேலையிலிருந்து நின்னுட்டு வரச் சொல்லிப்போடறேன்."

அவர் என்றது அவள் புருசன் அன்பரசை. சத்தீஸ்கரில் போர் வண்டியில் இருக்கிறான். இரண்டு வருசமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கத்தான் காளியண்ணன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

அறிவுச்செல்வியின் காதுக்கு அதற்குள் போன் போயிருந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள் சென்னியம்மாள். சொல்லாவிட்டால் அன்பரசு இருக்கிற வேலையையும் விட்டுவிட்டு வருவான். விதை வெங்காயத்தை ஊன்றுவான். அது கருகுகிறதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்பான்.  

கோணிய வாயால் காளியண்ணன்தான் பேசினார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"வர வேண்டாம்னு சொல்லு சாமி. கெணத்துல தண்ணி இல்ல."

"ஈரம் இருக்குதுங்களே மாமா."

"அது குழாயில வர்ற மேட்டூர்த் தண்ணி. மோந்து பாரு, பிளீச்சிங் பவுடர் வாசம். பொரட்டாசியிலிருந்தே அதேதான்."

போனில் அன்பரசின் குரல் கேட்டுவிட்டது. சொல்லு, சொல்லு என்று இரண்டு தடவை கேட்டான். அறிவுச்செல்வி கயிற்றைப் பார்த்தாள். சென்னியம்மாளைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் நடந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. சும்மாதான் கூப்பிட்டேன். சாப்ட்டீங்களா?"

 சென்னியம்மாள் தலைகுனிந்தபடியே கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் வரவில்லை. ஈர நுனியைக் காளியண்ணன் விடாமல் பிடித்திருந்தார்.

"அடுத்த மாசமும் நனைச்சே கொண்டாந்துரு அம்மிணி" என்றார். "ஆறு முடிச்சு."