ஹெரால்டுக்கு ஒரு கால்

"மிதிங்க சார். அப்படியே பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்துடாதீங்க."

எதிர்வீட்டுப் போர்டிகோவில், காருக்கு அடியிலிருந்து வந்த இந்தக் குரலைக் கேட்டதும் பால்கனியில் நின்ற தயாளனுக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை. சேலையூர் முழுக்க கேஸ் தீர்ந்துபோயிருந்தாலும், அந்த ஒரு வயிற்றை வைத்தே எல்லா வீட்டுக்கும் இட்லி அவித்திருக்கலாம்.

குரல் ஜெயசீலி டீச்சருடையது. பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா விட்டுப்போன பழைய ஹெரால்டு காருக்குத் திருமுடிவாக்கத்துப் பட்டறையில் புது எஞ்சின் ஏற்றி, சீட்டு, விளக்கு எல்லாவற்றையும் மாற்றி, செர்ரிப் பழ நிறத்தில் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார். எஞ்சின் புதுசு, வேகம் புதுசு. பிரேக் குழாய் மட்டும் அப்பா காலத்துத் துரு. அத்தனை குழாயையும் கழற்றி எறிந்துவிட்டு, புதுக் குழாயைத் தன் கையாலேயே வளைத்து மாட்டினார். அந்தத் தெருவில் பல்பு மாற்றுவதற்கே ஆள் தேடுகிற ஆண்கள்தான் குடியிருந்தார்கள். தயாளன் அன்றைக்கே டீச்சர் மேல் காதலில் விழுந்துவிட்டார்.

ஆனால் குழாயை மாட்டினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே சக்கரத்தின் திருகாணியைத் திறந்து, காற்றை விட்டு, மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே கால் தளர்ந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். அப்புறம் முதல் சக்கரத்திலிருந்து ஆரம்பம்.

அந்தக் கால் தேவானந்தத்தின் காலாக இருந்ததுதான் கொடுமை. காலை நடையில் தயாளனுக்குக் கூட்டாளி, அவரைப் போலவே மனைவியை இழந்தவர். ஆனால் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவருக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? தயாளனோ தாம்பரம் மின்ரயில் பணிமனையில் ஆயுசு முழுக்க பிரேக் பார்த்தவர். பால் பாக்கெட்டோடு போகும்போது டீச்சர் கண்ணில் பட்டதைத் தவிர தேவானந்தத்துக்கு வேறு எந்தத் தகுதியும் கிடையாது.

வேலை முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை கார் முதல் ஓட்டமாக மாமல்லபுரம் போகிறது. டீச்சர் பக்கத்துச் சீட்டு காலி. அதில் உட்கார்ந்து, கடற்கரைச் சாலைக் காற்றில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்று தயாளன் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

"பிடிங்க சார்" என்று மறுபடி குரல் வந்தது. தயாளனின் விரல் தானாகவே செல்போனைத் தட்டியது.

போர்டிகோவில் மணி கணகணத்தது. தேவானந்தத்தின் போன் இருப்பது பேண்ட் பாக்கெட்டில். அதை எடுக்க வேண்டுமென்றால் மனிதர் எழும்ப வேண்டும். எழும்பினார். காலும் எழும்பியது.

"காலை எடுத்துட்டீங்களா?" என்றது காருக்கு அடியிலிருந்த குரல்.

"தயாளன் கூப்பிடறான் டீச்சர்."

தயாளன் தேன் ஒழுக, நாளைக்கு வாக்கிங் உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்தார். முதல் சக்கரம்.

மறுநாள் போனில், பல்லாவரம் சந்தையில் முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டார். அதற்கு மறுநாள் மழை வருமா என்று கேட்டார். 'பிடிங்க' என்ற சொல் காதில் விழுந்த அடுத்த நொடி போன் போகும், கால் தூக்கும், காற்று நுழையும், முதல் சக்கரம். இப்படி வீணான பிரேக் ஆயிலைத் தேக்கி வைத்திருந்தால் சேலையூர் ஏரி இந்த வருஷம் நிரம்பியிருக்கும்.

சனிக்கிழமை காலை, இதற்கு மேல் தாங்காது என்ற பாவனையில் தயாளன் தெருவைக் கடந்து போனார்.

"டீச்சர், இது தபால் பெட்டி இல்ல, பிரேக்கு. தேவானந்தம் எழுந்துக்கட்டும். நான் மிதிக்கிறேன்."

டீச்சர் அடியிலிருந்து தலையை நீட்டி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "மிதிங்க" என்றார்.

தயாளன் மிதித்த மிதியில் நாலு சக்கரக் காற்றும் அலறிக்கொண்டு வெளியேறியது. அரை மணியில் பெடல் கருங்கல்லாக நின்றது. கேட்டருகே தேவானந்தம் டீச்சர் வீட்டு டம்ளரில் டீ குடித்துக்கொண்டு நின்றார். குடிக்கட்டும் பாவம் என்று தயாளன் பெரிய மனதோடு விட்டுவிட்டார்.

"ரயில்வே கால்னா ரயில்வே கால்தான்" என்று டீச்சர் பாராட்டியதில் அன்று இரவு அவருக்குத் தூக்கமே இல்லை.

ஞாயிறு காலை, தாம்பரம் ஸ்டேஷன் வரை மணக்கும்படி சென்ட் அடித்துக்கொண்டு போனார். கார் கிளம்பத் தயாராக நின்றது. முன் சீட்டில், டீச்சருக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் தேவானந்தம்.

தயாளன் டீச்சர் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். "டீச்சர்... பிரேக்கை முடிச்சுக் கொடுத்தது நான்."

"ஆமா சார், நீங்க அரை மணியில முடிச்சிட்டீங்க" என்றார் டீச்சர். "இவருதான் முடிக்கவே இல்ல. ஒவ்வொரு தடவையும் முதல் சக்கரத்துலேர்ந்து ஆரம்பிச்சு, இந்த ஒரு வாரத்துல நாங்க பேசாத பேச்சு பாக்கி இல்ல. அடுத்த மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்."

தேவானந்தம் வெட்கத்தில் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். டீச்சர் எஞ்சினைக் கிளப்பி, தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

"ரெண்டாவது நாளே, போனை ஆஃப் பண்ணிடட்டுமான்னு இவர் கேட்டார் சார். நான்தான் வேணாம், அடிக்கட்டும்னேன்."