மண்டபத்துக்கு ஓம் சொன்னவர்

2009 மார்ச் 14, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி, லண்டன் மோர்டனில் தூறல். வேலையிழந்தோர் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முகாமை வாரம் ஒருநாள் கோயில் மண்டபத்தில் நடத்தக் கவுன்சில் அனுமதி கேட்டிருக்கிறது. நிர்வாக அறையில் சாம்பிராணிப் புகையினூடே மங்கிய வெளிச்சம் விழுகிறது. தலைவர் சபாரத்தினம் பேனா மூடியைத் திருகித் திறக்கிறார். எதிரே செயலாளர் தனுஷியா நிற்கிறாள். “போன மாதம் ஓம், தரலாம் எண்டனீங்கள், மாமா. என்ர மனிசனும் வேலையில்லாமல் இருக்கிறார்.”

“அவருக்கு நாங்கள் ஏதாவது பாப்பம். முகாம் வைச்சால் இந்தக் கறுப்புக் காப்பிலியள் வந்து குவிவாங்கள், பிள்ளை. எங்கட வரிக்காசில இருந்து தின்னுற சனம்.”

“நீங்களும் வந்த புதுசில பெனிபிட் காசு எடுத்தனீங்கள்தானே?”

“நாங்கள் அகதியள். அது வேற.” அவர் மறுப்புக் கடிதத்தில் கையொப்பமிடுகிறார். “நீயே குடு. கவுன்சிலில இருந்து வந்தவள் உன்ர சிநேகிதிதானே.”

வெளியே, கவுன்சில் ஊழியரான சோமாலியப் பெண் ஹோதான் தரையில் அமர்ந்து, யாரோ அன்போடு பரிமாறிய அன்னதானச் சோற்றைப் பிசைந்து உண்கிறாள். தனுஷியா கடிதத்தை நீட்டுகிறாள். சோறு ஒட்டிய தன் வலக்கையைப் பார்த்துவிட்டு, இடக்கையால் வாங்க நேர்வதற்காக ஹோதான் மன்னிப்புக் கேட்கிறாள்.