இடிக்காத வண்டி

பிக்கப் வண்டியின் முதுகில் ஏறி ஊர் சுற்றும், ஆட்கள் தங்கும் கூண்டு வீடு ஒன்று இருந்தது. பயணம் முடிந்தால் கூண்டு வீடு தன் நான்கு இரும்புக் கால்களையும் தரையில் ஊன்றி நிற்கும்; வண்டி அடியிலிருந்து நழுவிப் போய்விடும். மறுபடி ஏற்ற வரும்போதெல்லாம் ரிவர்ஸில் வந்து இடது காலில் ஓர் இடி இடிக்கும்.

“கண்ணு தெரியலையா உனக்கு?” என்று கூண்டு வீடு கத்தும்.

“வந்துட்டேன்னு சொன்னேன்” என்று வண்டி சிரிக்கும்.

இந்த முறை மழைக்காலம் முழுக்க ஷெட்டில் தனியாக நின்றது கூண்டு வீடு. ஒருநாள் இன்ஜின் சத்தம் கேட்டதும் திட்டத் தயாரானது. வண்டி எங்கும் உரசாமல் அதன் அடியில் வந்து நின்றது.

“பழைய வண்டிய வித்துட்டாங்க. பாத்தீங்களா, ஒரு கீறல்கூட விழல” என்றது புது வண்டி, பெருமையாக.

கூண்டு வீடு வெகுநேரம் வண்டிமேல் ஏறக் கால்களைத் தூக்கவே இல்லை.

“தம்பி, வெளிய போய் இன்னொரு தடவை வா” என்றது. “இடது காலை லேசா இடிச்சுட்டு வா.”