கடைசி வளைவில் ஒரு பிரேக்

“பொண்ணு கேட்டு வந்தவரை யாராவது வீடியோ கேம் ஆட வைப்பாங்களா அண்ணே?”

பக்கத்துக் கடை டெய்லருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“உன் கடையில தச்ச துணியைத் தொட்டுப் பார்க்காமலா வாங்குறாங்க? நானும் தொட்டுப் பார்க்கிறேன். வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பாரு” என்று எரிந்து விழுந்தார் கடைக்காரர்.

பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கி, சரிபண்ணி விற்கும் கடை. நடைபாதையில் சாக்கு விரித்துத் தொடங்கியவர், தொண்டை கிழியப் பேரம் பேசிப் பேசியே இவ்வளவு பெரிதாக வளர்த்திருந்தார். வேலைக்கு யார் வந்தாலும் இங்கே இரண்டு ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும். பதுங்கிப் பதுங்கிக் கோட்டைக்குள் நுழைகிற ஆட்டத்தில் ஆளின் பொறுமை தெரிந்துவிடும். ராலி கார் பந்தயத்தில் துணிச்சல் தெரிந்துவிடும். இப்படி எடை போட்டு அவர் இதுவரை ஏமாந்ததில்லை.

இன்று வந்திருப்பது வேலை கேட்டு அல்ல. மகளுக்குப் பிடித்துப்போன பஸ் டிரைவர்.

“ஆள் சரியில்லைன்னு எனக்குப் பட்டுதுன்னா, இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்” என்று மகளிடம் காலையிலேயே வாக்கு வாங்கியிருந்தார். அவள் கல்லாவுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் ஆட்டம். திரையில் டிரைவரின் ஆள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். காவலாளி வந்தான், போனான், மறுபடி வந்தான்.

“ஒத்தை ஆள்தானே நிக்கிறான்? பின்மண்டையில ஒண்ணு போட்டுட்டுப் போயேன் தம்பி!”

“அவர் பாட்டுக்கு டியூட்டி பார்க்கிறார் சார். திரும்பட்டும், போயிக்கலாம்.”

ஒரு காவலாளிமேல்கூடக் கை வைக்காமல் கோட்டையின் கடைசி அறைக்கே போய்விட்டார் டிரைவர். கடைக்காரர் இந்த ஆட்டத்தை எத்தனையோ முறை ஆடியிருக்கிறார். நாலு பேரையாவது சாய்க்காமல் உள்ளே போனதில்லை. பேரத்திலும் இப்படித்தான், முதலில் வாயைத் திறக்கிறவன்தான் மாட்டிக்கொள்வான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். வெளியே மட்டும் விறைப்பாக, “பரவாயில்ல. பயந்தாங்கொள்ளிகூட இப்படி ஆடிடுவான். ராலிக்கு வா” என்றார்.

ராலி அவருடைய கோட்டை. சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார்.

“மத்த ரேஸெல்லாம் பக்கத்துல வர்றவனை இடிச்சுத் தள்ளுற வேலை. இது அப்படியில்ல தம்பி. ஒவ்வொருத்தனா ஓட்டணும், யாரு சீக்கிரம் போய்ச் சேருறான்னு பார்க்கணும். மண் ரோடு, மழை, சேறு. அடுத்த வளைவு கண்ணுக்கே தெரியாது. கூட உக்காந்து வழி சொல்றவன் குரலை நம்பி மிதிக்கணும். மனசுல தைரியம் இல்லாதவன் இதுல உக்காரவே கூடாது!”

சொன்னபடியே மிதித்தார். நல்ல நேரம். டெய்லர் கைதட்டினார்.

அடுத்து டிரைவர். வழி சொல்லும் குரல் வளைவைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அதற்குத் தயாராகத் திரும்பியிருந்தது. மேடு, பள்ளம், சறுக்கல், எதிலும் பதற்றமில்லை.

“அண்ணே, நேரத்துல உங்களை முந்திட்டாரு!” என்று கத்தினார் டெய்லர்.

கடைக்காரருக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், என்னமா ஓட்டுறான் பாரு என்று நெஞ்சு விம்மியது.

கடைசி மேடு. கடைசி வளைவு. திடீரென்று வண்டி கிரீச்சிட்டு, நின்றே விட்டது. மறுபடி கிளம்பி எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் ஜெயிக்க வேண்டிய பந்தயம் கைவிட்டுப் போயிருந்தது.

“எழுந்திருய்யா!” கடைக்காரரின் குரலில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. “விட்டுக்கொடுத்தியா?”

“இல்ல சார்...”

“யாருக்கிட்ட? கேக்கிறதுக்கு முன்னாடியே விலையை இறக்குறவன் எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். என்னை ஜெயிக்க வச்சு, குளிர வச்சு, பொண்ணைக் கட்டிக்கலாம்னு பார்த்தியா? இடத்தைக் காலி பண்ணு!”

மகள் ஓடிவந்து கேம் கன்ட்ரோலரை எடுத்தாள். “ரீப்ளேயைப் பார்த்துட்டுத் திட்டுங்கப்பா!”

திரையில் அதே கடைசி மேடு. மூலையில் ஓடிய நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் கவனிக்காதது இப்போது தெரிந்தது: பந்தயத்தைப் படமெடுக்கும் ஒரு படக்காரன் கேமராவோடு சாலையின் குறுக்கே ஓடினான். அந்த நொடியில்தான் பிரேக் விழுந்திருந்தது.

“இதுக்கா நிறுத்தினே?” கடைக்காரர் திரையை விரலால் தட்டினார். “அட, இவனை இடிக்கவே முடியாதுய்யா! கடைசி நேரத்துல தாவிக் குதிச்சிடுவான். ஆட்டத்தையே அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க!”

“தெரியும் சார். இந்தப் படக்காரர்கிட்ட நான் தோக்கிறது இது முதல் தடவை இல்ல.” டிரைவர் கூச்சத்தோடு முழங்காலைத் தடவிக்கொண்டார். “புத்திக்குத் தெரியுது, கால்தான் கேக்க மாட்டேங்குது. நான் ஓட்டுறது ஸ்கூல் பஸ். பொடிசுங்க எப்போ எந்தப் பக்கம் குறுக்கே பாயும்னு சொல்ல முடியாது.”

மகள் அப்பா ஓட்டியதையும் போட்டுக் காட்டினாள். அதே மேடு, அதே படக்காரன். அவன் புதருக்குள் விழுந்து உருள, வண்டி துளிகூட வேகம் குறையாமல் பறந்தது.

கடைக்காரர் டிரைவர் ஓட்டியதை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

பழைய பெட்டி ஒன்றை விற்க வந்து வாசலில் நின்றிருந்த ஆள், “ரோடு வரைக்கும் சத்தம் கேக்குதே, யாருங்க ஜெயிச்சது?” என்று எட்டிப் பார்த்தார்.

“நான்தான்யா ஜெயிச்சேன்!” கடைக்காரர் எழுந்துபோய் டிரைவரின் தோளில் கை போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “தோத்தது யாருன்னு கேளு. எங்க வீட்டு மாப்பிள்ளை!”