நாற்பத்திரண்டு அபாயச் செய்திகள்

"நாப்பத்திரண்டு தடவை சுவர் ஆபத்துன்னு செய்தி வந்திருக்கு. அத்தனையையும் இந்தம்மா அழிச்சிருக்காங்க."

நகராட்சித் தலைவர் பட்டியலை உயர்த்திக் காட்டினார். பதினொரு உறுப்பினர்களும் அவளைக் கொலைகாரியைப் போலப் பார்த்தார்கள்.

அவள் நகராட்சி அலுவலகம் இருக்கும் அந்த நூற்றைம்பது வயதுக் கட்டடத்தின் பராமரிப்பு இன்ஜினியர். சுவரெங்கும் சென்சார் பொருத்தி, விரிசல், அதிர்வு, ஈரம், மின்சாரம் எல்லாவற்றையும் கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டரில் கவனிப்பவள். ஆளில்லாத அறையில் விளக்கு தானே அணையும். கரண்ட் செலவு பாதியாகிவிட்டது. மேலே நடக்கும் வாராந்திரக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை.

தலைவருக்கோ இந்தக் கட்டடத்தை இடித்துக் கண்ணாடி மாளிகை எழுப்ப ஆசை. படம் போட்டுக் கொடுத்தவர் அவருடைய மச்சான். சாக்குத் தேடிக்கொண்டிருந்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"அழிச்சது உண்மையா?"

"உண்மைதான் சார்."

அவள் தலை குனியவில்லை. ஒவ்வொரு முறையும் வெளியே ஏணி வைத்து ஏறி அளந்ததாகவும், விரிசல் மயிரிழைகூட நகரவில்லை என்றும் சொன்னாள். அளவெழுதிய நோட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"கீழே குழந்தைங்க காப்பகம் இருக்கு. உங்க குழந்தைய அங்க விடுவீங்களா?"

"காலையில விட்டுட்டுத்தான் வேலைக்கு வந்தேன்."

யாரோ இருமினார்கள். தலைவர் விடுவதாக இல்லை. இனி அபாயச் செய்தி உறுப்பினர்கள் எல்லாருடைய கைப்பேசிக்கும் போக வேண்டும், இப்போதே மாற்று என்றார். நின்ற இடத்திலேயே தன் கைப்பேசியில் மாற்றினாள்.

"மாத்திட்டேன் சார். இன்னொண்ணையும் சொல்லிடறேன். நாப்பத்திரண்டும் புதன்கிழமை பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல வந்தது. மத்த நாள்ல சுவர் அசையவே இல்ல. தெருவுல லாரி போகுதான்னுகூட நின்னு பார்த்துட்டேன், ஏன்னு பிடிபடல. காரணம் தெரியாம இதை இடிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேலைய விட்டுத் தூக்கினாலும் சரி."

"புதன்கிழமை மட்டும் சுவருக்குப் பேய் பிடிக்குதோ?"

யாரும் சிரிக்கவில்லை. ஓர் உறுப்பினர் மெல்லக் கடிகாரத்தைப் பார்த்தார். புதன்கிழமை, மணி பத்தரை.

தலைவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "யார்கிட்ட பேசறோம்னு தெரியுதா?" என்று, சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருந்த தேக்கு மேஜையில் ஓங்கி அறைந்தார்.

பதினொரு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின: 'அபாயம். சுவர் அதிர்கிறது.'