வாய்க்கட்டு

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயைக் கட்டிப்போடுப்பா. வர்றவங்க நிஜ இங்கிலாந்துக்காரங்க. கிண்டல் பண்றேன்னு நினைச்சுக்கப் போறாங்க."

மகள் டார்லா காலையிலேயே கண்டிஷன் போட்டுவிட்டாள்.

வரப்போவது டார்லாவின் வருங்கால மாமியார் மாரீன், முதல் தடவையாக. லோவெல் சரியென்று தலையாட்டினார்.

அவர் அமெரிக்காவில் தன் ஒஹாயோ மாநிலத்தைத் தாண்டி அதிகம் போனதில்லை. இங்கிலாந்து மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் பிரிட்டிஷ்காரர் மாதிரிப் பேசுவதால் ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'பிரபு'. சூறாவளி கூரையைப் பிய்த்துக்கொண்டு போன அன்று, விசாரிக்க வந்தவர்களிடம், "வீடு முன்னைக்கு இப்ப கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு" என்று சொன்ன மனிதர்.

எல்லாம் சனிக்கிழமை சாயங்காலங்கள் கொடுத்த வியாதி. பொதுத் தொலைக்காட்சியில் பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்கள் ஓடும். ஒரே சோபாவில் அவரும் மனைவி நாடீனும், நடுவில் குட்டி டார்லா.

அந்தத் தொடர்களில் ஆச்சரியம் வந்தால் 'ப்ளைமி' என்பார்கள். நாடீன் அதைப் பிடித்துக்கொண்டாள். ரொட்டி கருகினாலும் ப்ளைமி, பனி கொட்டினாலும் ப்ளைமி. அதுவும் முதல் அசையை நீட்டி இழுத்து, பாட்டு மாதிரி.

அவள் இறந்த பிறகு லோவெல் அதை எடுத்துக்கொண்டார். வீட்டில் யாராவது சொல்ல வேண்டாமா?

மாரீன் வந்தார். லோவெல் வாயே திறக்கவில்லை. கோப்பைத் தண்ணீரை மைக்ரோவேவில் சுடவைத்து, தேயிலைப் பையை முக்கி, பவ்யமாக நீட்டினார்.

மாரீன் ஒரு வாய் குடித்தார். அந்த முகம் போன போக்கைப் பார்த்ததும் லோவெலின் கட்டு அறுந்துவிட்டது.

"ப்ளைமி! பயப்படாதீங்க, இதைக் குடிச்சுச் செத்தவங்க ரொம்பப் பேர் இல்ல."

டார்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாரீன் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். லோவெல் மகளைப் பார்த்தார். பெண்ணின் கல்யாணத்தைத் தானே கெடுத்துவிட்டோமோ?

"எங்கப்பா இப்படித்தான் பேசுவார்." மாரீனின் குரல் கம்மியிருந்தது. "அவர் போனதுக்கப்புறம் எங்க வீட்ல அந்த வார்த்தையை யாரும் சொல்லல. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

லோவெல் வாயைத் திறந்தார். எத்தனை முயன்றும் சொல் வரவில்லை.

சொன்னது டார்லா. மூடிய கண்ணைத் திறக்காமலே, முதல் அசையை நீட்டி இழுத்து, அப்படியே நாடீன் மாதிரி.